பூட்டிய அறையில் மூன்று மூட்டை

தங்கை அருள்செல்வியின் கல்யாணத்தன்று காலையிலேயே ஐசக் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தான். காரணம், வீட்டுப் பின்னறையில் பூட்டி வைத்திருந்த மூன்று மூட்டைகள்.

"நிஜமாவே அரிசியா கிருபா?"

"நல்லா உரக்கக் கேளுங்க, மத்திகிரி முழுக்கக் கேக்கட்டும்" என்று சிரித்தாள் அவன் மனைவி கிருபாராணி.

அரிசிப் பஞ்சம் ஆட்டி வைத்த நேரம் அது. ஊரைக் கூட்டி விருந்தில் அரிசிச் சோறு போடுவது குற்றம். அரிசி கடத்த வசதியாக மைசூர் எல்லை கூப்பிடு தூரத்தில் இருந்ததால் ஓசூர்ப் பக்கம் கெடுபிடி இன்னும் அதிகம். அகப்பட்டால் ஐசக்குக்கு சர்க்கார் மாட்டுப் பண்ணை வேலையே போய்விடும்.

கிருபாராணி முதலில் போட்ட திட்டம் வேறு. எந்தச் சாமான் எப்போது மலிவு, எதை எதோடு சேர்த்தால் மிச்சம் என்று ஒரு மாதம் முன்பே யோசித்து வைத்திருந்தாள். சானமாவுப் பக்கம் அறுவடை ஆனதுமே சாமை வாங்கிவிட வேண்டும். களிக்குக் கேழ்வரகு. அவரைக்கொட்டை வேகவைத்த தண்ணீர் வீணாகாமல் ரசமாகும். கோழி, வியாபாரி அப்துல் சலாமிடம் மொத்தமாக. கறி பந்திக்கு, கழுத்தும் காலும் சமையல்காரர்களின் குழம்புக்கு.

அதைக் கேட்ட மாப்பிள்ளையின் தாய்மாமன் இன்னாசிமுத்து, கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

"சாமையும் களியும் தின்னவா கல்யாணத்துக்கு வர்றோம்? எல்லாரும் கமுக்கமா அரிசிச் சோறு போடறாங்களே, உங்களுக்கு மட்டும் என்ன? இலையில சோறு விழலேன்னா எங்க ஆளுங்க எழுந்துருவாங்க. அப்புறம் பொண்ணை யார்கூட அனுப்பறீங்கன்னு பாத்துக்கோங்க!"

கிருபாராணி இரண்டு நாள் கணக்குப் போட்டாள். மூன்றாம் நாள், "அரிசிக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்னு சொல்லி அனுப்புங்க" என்றாள். எங்கே, எப்படி என்று கேட்ட ஐசக்கை அழைப்பிதழ் கொடுக்க அனுப்பிவிட்டாள்.

சர்ச்சில் மோதிரம் மாற்றி, கூட்டம் பந்தலுக்கு வந்தது. பந்தலை ஒட்டித் தோண்டிய கோட்டை அடுப்பில் சாமைதான் வெந்துகொண்டிருந்தது. இன்னாசிமுத்துவின் முகம் சுருங்கியது. கிருபாராணி அவரைத் தனியே அழைத்தாள்.

"இது ஊர் கண்ணுக்கு அண்ணே. சரக்கு பின்னறையில இருக்கு. கடைசி நிமிஷத்துல உலையில போடறோம்."

"அப்படிப் போடு!" என்று அவர் கையைத் தட்டிக்கொண்டார். அடுத்த நிமிடம் ரகசியம் பந்தல் முழுக்கப் பரவியது. ஆளாளுக்குக் கண்ணடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் சப்ளை இன்ஸ்பெக்டர் சென்னகிருஷ்ணன். "இங்க அரிசி பதுக்கி வெச்சிருக்கறதா தகவல். பின்னறையைத் திறங்கம்மா."

கண்ணடித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கிருபாராணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் முதல் மூட்டையை அவிழ்த்தார். தவிடு. இரண்டாவதும் தவிடு. மூன்றாவதில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். தவிட்டு முகத்தோடு தும்மிக்கொண்டே வெளியே வந்தார்.

"எங்க மாட்டுக்கு சார்" என்றாள் கிருபாராணி.

இன்ஸ்பெக்டரின் சந்தேகம் தீரவில்லை. கூட்டத்தில் பெரிய மனுஷராகத் தெரிந்த இன்னாசிமுத்துவிடம் போனார். "நீங்க சொல்லுங்க. அரிசிச் சோறு போடறதாத்தானே பேச்சு?"

இன்னாசிமுத்து இரண்டு கையையும் விரித்தார். "ஐயையோ, யார் சார் சொன்னது? எங்க குடும்பத்துல யாருக்கும் அரிசியே ஒத்துக்காது! களின்னா உசுரு!"

"அப்படியா? உட்காருங்க, பாக்கறேன்."

பந்தி போட்டார்கள். இன்ஸ்பெக்டர் பார்க்கப் பார்க்க இன்னாசிமுத்து களி உருண்டையைக் கோழிக் குழம்பில் புரட்டி விழுங்கினார். முதல் உருண்டை பயத்தில் போயிற்று. இரண்டாவது ருசித்தது. மூன்றாவதை அவரே கேட்டு வாங்கினார். அவர் ஆட்களும் போட்டி போட்டுக்கொண்டு சாமையை வழித்தார்கள். வாசனை தாங்காமல் இன்ஸ்பெக்டரும் ஓர் இலை முன்னால் உட்கார்ந்து, குழம்பு நாக்கில் பட்டதும், "சால பாகுந்தி!" என்று தெலுங்கிலேயே புகழ ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் இலைகளில் ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை.

சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது இன்னாசிமுத்து கிருபாராணியிடம் குரலைத் தாழ்த்தினார். "கண் மூடித் திறக்கறதுக்குள்ள மூட்டையை மாத்திட்டியே! எமகாதகி தங்கச்சி நீ! அந்த ஆளு மட்டும் வராம இருந்திருந்தா இன்னிக்கு அரிசிச் சோத்தைப் போட்டு அசத்தியிருப்பே. உம்மேல ஒரு குறையும் இல்ல. எல்லாம் சர்க்கார் பண்ற கூத்து!"

பஸ் மறைந்ததும் ஐசக் மனைவியின் பக்கம் திரும்பினான். "இப்பவாவது சொல்லு, அரிசியை எங்க ஒளிச்சே?"

"வாங்கியிருந்தாத்தானேங்க ஒளிக்கறதுக்கு?"

ஐசக் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பல்லைக் கடித்தான். "அது சரி, கல்யாண வீட்டுல ஜீப்பைக் கொண்டாந்து நிறுத்தின படுபாவி யாருன்னு தெரிஞ்சாகணும். என் கையில கிடைச்சான்..."

"நான்தாங்க. தபாலாபீஸ் போன்ல ஒரே இரைச்சல், பந்தி எத்தனை மணிக்குங்கறதை ரெண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு."