கொடுவாத் தலை

"எனக்கு அப்போது பத்தொன்பது வயது" என்ற முதல் வரியை சிஸ்டர் இசபெல்லா உரக்க வாசித்தாள். பதினோரு சிஸ்டர்களும் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார்கள்.

மடத்தில் சாப்பாட்டு வேளையில் பேச்சு கிடையாது. ஒருத்தி மூலையில் நின்று புனிதர் வரலாறு வாசிப்பாள், மற்றவர்கள் கேட்டபடி சாப்பிடுவார்கள். மதர் மணி அடித்தால்தான் வாசிப்பு நிற்கும். அதுவரை யாரும் எழுந்திருக்கவும் கூடாது.

இன்று புனிதர் யாரும் இல்லை. கையில் இருந்தது எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு. எழுத்து குண்டு குண்டாக, பிந்திக் கற்றுக்கொண்ட கை எழுதியது.

காலையில் மதர் இருதயமேரிதான் அதை அவள் கையில் திணித்தார்.

"நான் மணி அடிக்கிற வரைக்கும் வாசிங்க சிஸ்டர். எது வந்தாலும் நிறுத்தாதீங்க."

மதரின் கண்கள் சிவந்திருந்தன. அழுதிருப்பார் என்று இசபெல்லா நினைத்துக்கொண்டாள்.

மதருக்கு வலப்பக்கம் பிலோமின்ராஜ் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். ஆண்வாடையே படாத அந்த அறையில், வருஷத்தில் ஒரு நாள், அவருடைய அம்மாவின் நினைவு நாளில், அவருக்கு மட்டும் இலை உண்டு. மடத்துக் கூரைக்கு ஓடு போட்டுக் கொடுத்த புண்ணியவான் ஆயிற்றே. கொடுவா மீன் தலை என்றால் அவருக்கு உயிர். அதை அவர் இலையில் மட்டும்தான் வைப்பார்கள்.

"பட்டாளத்துக்காரனுக்குச் சட்டம்னா சட்டந்தான் மதர். மணி அடிக்காம நானும் எந்திரிக்க மாட்டேன்" என்று உட்காரும்போதே பெருமை பேசிக்கொள்வார். இன்றும் பேசினார்.

இசபெல்லா வாசித்தாள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு பெண் காரைக்காலில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். வீட்டம்மாளின் மகன் சைகோனிலிருந்து லீவில் வருகிறான். ஒரு மத்தியானம் வீட்டம்மாள் கோயிலுக்குப் போன சமயம் கதவைத் தாழிடுகிறான்.

அடுத்த இரண்டு பக்கங்களை எப்படி வாசித்து முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. எழுதியவள் எதையும் பூசி மெழுகவில்லை. தெருவில் உப்பு விற்கிறவன் கூவிக்கொண்டு போனானாம். அவன் தெருக்கோடியில் திரும்புகிறவரை அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு கிடந்தாளாம்.

இசபெல்லா பக்கத்தைப் புரட்டினாள். எந்தப் பாவி இவன்?

"முடிந்ததும் ஒரு சோப்பை என் பக்கம் எறிந்தார். சைகோன் சோப்பு, நல்லா தேச்சுக் குளி, போயிடும் என்றார்."

பிலோமின்ராஜின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

இசபெல்லா அதைப் பார்த்துவிட்டாள். அவள் மனசில் அந்தக் கணமே அவர் 'அவன்' ஆகிப்போனார். காலையில் மதரின் கண்ணில் இருந்தது அழுகையில்லை என்றும் புரிந்தது. குரலை உயர்த்தி அதே வரியை இன்னொரு தடவை வாசித்தாள்.

"போதுமே மதர்" என்றான் அவன், மெதுவாக.

மதர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய உள்ளங்கை மணியின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

அவன் எழுந்து போகலாம். போனால், அது நான்தான் என்று பதினோரு பேருக்கு முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் உட்கார்ந்திருந்தான். தனக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்ட, கொடுவாத் தலையை எடுத்துக் கடித்தான். எலும்பு ஒன்று விடாமல் உறிஞ்சினான். குழம்பை வழித்து நக்கினான்.

கடைசிப் பக்கம் வந்தது.

"சிஸ்டர்மார் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எழுதப் படிக்க இங்கேதான் கற்றேன். இருபத்தேழு வருஷமாக இந்த அடுப்படியில் இருக்கிறேன். வருஷம் ஒரு தடவை அவர் சாப்பிட வருகிறார். என்னை அடையாளம் தெரிந்ததில்லை. குழம்பு பிரமாதம் என்று சொல்லி அனுப்புகிறார்."

எல்லாத் தலைகளும் சமையல்கட்டு வாசலுக்குத் திரும்பின. சமையல்கார செல்வம்மாள் கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, அவனுடைய காலி இலையை மட்டும் பார்த்தாள்.

"ஒவ்வொரு வருஷமும் அந்த மீன் தலையில் எதைக் கலக்கலாம் என்று யோசித்தேன். அரளி விதை என்று நினைத்தேன். வயலுக்கு அடிக்கிற மருந்து என்று நினைத்தேன்."

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

இசபெல்லா அதைக் கண்ணால் படித்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

மதர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவர் அந்த நோட்டை முழுக்கப் படித்தவர். மணியை அடித்தார்.

பெஞ்சு சாய, அவன் கொல்லைப்பக்கம் ஓடினான். கிணற்றடியில் தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தான். செல்வம்மாள் நிதானமாக நடந்து போய்ச் சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"குடிங்க ஐயா."

அவன் சொம்பைப் பார்த்துப் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டான். "என்னத்தப் போட்ட? சொல்லுடி, என்னத்தப் போட்ட?" என்று கத்தினான். பிறகு செருப்பையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினான்.

அவனைக் கூப்பிட்டு அந்தக் கடைசி வரியைச் சொல்ல மடத்தில் ஒருத்திக்கும் அவசரமில்லை.

"இந்த வருஷமும் மனசு வரவில்லை. புளி, மிளகாய், உப்பு. வேறொன்றும் போடவில்லை."