கப்பல் நேரம்

"கிளம்புங்க சார், கிளம்புங்க! கப்பல் உங்களுக்காக நிக்காது!"

கடற்கரையில் நாற்காலிகளை வாடகைக்கு விடும் ஐசில்மா போட்ட சத்தத்தில், சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்த வென்டெல் துள்ளி எழுந்தார். கை தானாக வாட்ச்சைத் தேடியது.

"மூணரைதானே ஆகுது? அஞ்சரைக்குள்ள ஏறினாப் போதும்னாங்களே!"

"உங்க கையில ஓடறது கப்பல் நேரம் சார். எங்க ஆன்டிகுவாவுல இப்ப மணி நாலரை."

வென்டெலுக்கு வியர்த்துவிட்டது. அமெரிக்காவில் முப்பது வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவர். எதற்கும் தாமதமாகப் போனதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிற ஆள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி நார்மா, முகத்தை மூடியிருந்த தொப்பியை எடுத்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கப்பல்காரங்க விட்ட பஸ்ல வந்திருந்தா, எவ்வளவு லேட்டானாலும் நமக்காக நிப்பாங்க. தனியாப் போலாம், கூட்டம் இருக்காதுன்னு இழுத்துட்டு வந்தீங்க. பாஸ்போர்ட்டு, என் பிரஷர் மாத்திரை எல்லாம் கப்பல்ல கிடக்கு."

"போன மாசமும் ஒரு ஜோடி இப்படித்தான் கோட்டை விட்டுட்டாங்க" என்றாள் ஐசில்மா, கடலைப் பார்த்தபடி. "அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் எங்க அத்தை வீட்டுலதான் இருந்தாங்க. அத்தையோட ஆடுகளை மேய்ச்சது அந்த சார்தான். நல்லாவே மேய்ச்சார்."

நார்மா செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. நாற்காலிகளுக்குக் கீழே ஈர மணல் சிமென்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்தது.

டாக்ஸிக்காரன் கத்பர்ட் இஞ்சினை அணைக்காமலே ஹாரன் அடித்தான். கான்ஸ்டபிள் ஓர்வில் ஓடி வந்து பைகளைத் தூக்கிக்கொண்டார். அவசரத்தில் வந்தவர் போலிருக்கிறது, மேலே போலீஸ் சட்டை, கீழே வெள்ளைக் கால்சட்டை.

"எவ்வளவு நல்ல ஜனங்க! பெத்த பிள்ளைங்ககூட இவ்வளவு அக்கறையாப் பாக்காது" என்று டாக்ஸியில் ஏறும்போது நார்மா கண் கலங்கினாள். ஐசில்மா அவளைக் கட்டிப்பிடித்து, கையில் ஒரு மாம்பழத்தையும் வைத்து அனுப்பினாள்.

டாக்ஸி வளைவில் மறைந்ததும் இரண்டு நாற்காலிகளையும் மடக்கித் தூக்கினாள்.

ஓர்விலுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்க்கா. நிஜமாவே கப்பலை விட்டுடுவாங்களா?"

"எப்படி விடுவாங்க? கப்பல் கிளம்பறது கப்பல் நேரத்துக்குத்தானே! போய்ச் சேர்ந்து, நிம்மதியா ஒரு குளியல் போட்டாலும் நேரம் மிச்சமிருக்கும்."

"அப்புறம் எதுக்குக்கா அந்த மனுஷனை அப்படிப் பதற வெச்சீங்க? நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கச் சொன்னாப் போதாதா?"

ஐசில்மா கடலை இன்னொரு முறை பார்த்தாள். உள்வாங்கிய தண்ணீர் திரும்பி ஏற இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"போன வாரம் வந்தவர்கிட்ட அப்படித்தான் சொன்னோம். அந்த அமெரிக்காக்காரர் பக்கத்துலயே உட்கார்ந்துட்டார். அவருக்கு எல்.பி.டபிள்யூ. புரியறதுக்குள்ள பிட்ச்சுல தண்ணி ஏறிடுச்சு. ஸ்டம்ப்பை நடு!"