திரை போட்ட அறை

"அக்கா, சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. உங்க வூட்டுக்காரரை நேத்து பாகலூர் ரோட்டுல பார்த்தேன். புதுசா கம்ப்யூட்டர் சென்டர் வந்திருக்கே, அதுக்குள்ள போனாரு."

குழாயடியில் வைத்துத்தான் சாந்தம்மா இதைச் சொன்னாள். பவளத்தின் குடம் நிரம்பி வழிந்தது.

"அங்க அவருக்கு என்ன வேலை?"

"எனக்கென்னக்கா தெரியும்? ஆளுக்கொரு தடுப்பு, தடுப்புக்கொரு திரை. திரையை இழுத்து விட்டுட்டு என்னென்னமோ படம் பார்க்கறாங்களாம். எங்க தம்பி திம்மப்பன்கூட இவரைக் கிருஷ்ணகிரியில பார்த்தானாம். அங்கயும் இதே மாதிரி கடைதான்."

கிருஷ்ணகிரியில், தன்னோடு வேலை பார்ப்பவர் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றல்லவா சொல்லிவிட்டுப் போனார்!

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. சிப்காட்டில் பிரஸ் மிஷின் ஓட்டுகிற மனுஷன். ஷிப்ட் விட்டு நேரே வந்தால் காபிக்கு வந்து சேரலாம். இப்போதெல்லாம் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறார். கேட்டால் ஓவர்டைம்.

போன வாரம் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் கறுப்பாக, சதுரமாக, தட்டையாக ஒரு சாமான் இருந்தது.

"என்னங்க இது?"

"கம்பெனி சாமான். தண்ணி படாம குடு."

அதை அவர் பிடுங்கிக்கொண்ட அவசரம் இருக்கிறதே!

திருநெல்வேலியை விட்டு ஓசூருக்கு வந்த நாளாக ஒரு பீடியைத் தொடாத மனுஷன். இந்த வயசிலா புத்தி இப்படிப் போக வேண்டும்?

இத்தனைக்கும் வீட்டில் கம்ப்யூட்டர் என்றாலே எரிந்து விழுகிறவர் அவர்தான்.

மகள் ஜெயமணி கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவள். பஸ்ஸில் காதில் விழுகிற கதைகளைத் தமிழில் எழுதி, இன்டர்நெட்டில் தனக்கென்று ஒரு பக்கம் போட்டிருந்தாள். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று அதன் அடியில் ஒரு எண் ஓடுமாம். அந்த எண் ஏற வேண்டும் என்று முகவரியைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, பஸ் இருக்கைகளின் முதுகிலெல்லாம் ஒட்டினாள்.

பார்த்துவிட்டு வந்த பெண்கள் சிரித்தார்கள். "என்னடி ஜெயமணி, எறும்பு மையில விழுந்து நடந்த மாதிரி இருக்கு? இதுதான் உன் கதையா?"

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

"பார்க்கிற கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தை ஏத்தியிருந்தாத்தாம்மா என் கதை தமிழா தெரியும். இல்லாட்டி வெறும் கிறுக்கல்தான். நான் என்ன செய்ய? எல்லாத்தையும் அழிச்சிடப் போறேன்" என்று அழுதாள்.

அதற்கு அப்பா கத்திய கத்தல் பக்கத்து வீடு வரை கேட்டது.

"பெறவு என்ன, ஊர்ல உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போயி எழுத்தைக் குடுத்துட்டு வருவியோ? பஸ்ஸுல சீட்டு ஒட்டி என் மானத்தை வாங்காத!"

மகளை அப்படி அழ வைத்த மனுஷன், இன்றைக்குத் திரைக்குள் போய் உட்காருகிறாராம்.

மறுநாள் ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்து பவளம் பாகலூர் ரோட்டுக்குப் போனாள். சென்டர் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். கடைக்காரர் மூர்த்தி.

"என்னம்மா வேணும்?"

"பரமசிவம்னு ஒரு ஆளு. எந்தத் திரைக்குள்ள இருக்காரு?"

"அம்மா, அப்படியெல்லாம் உள்ள போகக் கூடாது..."

கடைசித் திரைக்குக் கீழே எண்ணெய்க் கறை படிந்த கம்பெனி ஷூ தெரிந்தது. தினமும் அவள் துடைத்து வைக்கிற ஷூ.

எந்தக் கண்றாவி தெரிந்தாலும் கண்ணை மூடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பவளம் திரையைச் சரக்கென்று இழுத்தாள்.

கண்றாவி எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் முழுக்கக் கிறுக்கல். எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி.

பரமசிவம் திடுக்கிட்டுத் திரும்பினார். "பவளம்! நீ எங்க இங்க?"

"நான் வந்தது கெடக்கட்டும். நீங்க என்னத்தப் பாக்கீங்க?"

அவர் அந்தக் கறுப்புச் சாமானைப் பெட்டியின் வாயில் நுழைத்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு பொத்தானாகத் தேடித் தேடி அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் கிறுக்கலெல்லாம் மறைந்து, எழுத்து எழுத்தாக வந்து நின்றது.

பவளம் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'ஜெயமணியின் பக்கம்.'

பின்னாலேயே ஓடி வந்த மூர்த்தி சிரித்தார். "இந்த ஃப்ளாப்பியை வச்சு ஒரு மெஷின் விடாம தமிழ் எழுத்தை ஏத்திட்டு இருக்காரும்மா. நான்தான் கத்துக் குடுத்தேன். கிருஷ்ணகிரி, பர்கூர்னு ஒரு சென்டர் பாக்கி வைக்கலை மனுஷன்."

பவளம் புருஷன் பக்கம் திரும்பினாள். "அன்னைக்குப் பிள்ளையை அந்தக் கத்து கத்துனீங்களே?"

"கத்திட்டுப் படுத்தா தூக்கம் வரணுமே!" பரமசிவம் தலையைக் குனிந்துகொண்டார். "அவ கிட்ட சொல்லிராத. எண்ணு ஏறுது, சனம் நின்னு வாசிக்குதுன்னு சந்தோஷமா இருக்கா. அப்படியே இருக்கட்டும்."

"எல்லா எடத்துலயும் ஏத்தியாச்சா?"

"தேன்கனிக்கோட்டை ரோட்டுல ஒண்ணுதான் பாக்கி. ரெண்டு தடவை போனேன், உள்ளயே விட மாட்டேங்கான். இந்த வயசுல ஒரு ஆம்பளை திரைக்குள்ள போனா எல்லாருக்கும் சந்தேகம்தான் வருது, என்ன செய்ய?"

பவளத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையை நீட்டி அந்தக் கறுப்புச் சாமானை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எதை எதை அழுத்தணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. அங்க நான் போறேன்."