ஐந்தாவது குழி

வால்புர்கா இடுப்பளவுப் பனிக்குழிக்குள் மண்டியிட்டிருக்கிறாள். பனிச்சரிவு அபாயம் இருக்கிறதா என்று பார்க்க இந்த வாரம் அவள் தோண்டும் ஐந்தாவது குழி இது. எதிர் மலையில் வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது; இங்கே குழிக்குள் நீல நிழல்தான். ஐந்து நாள் முன்பு விழுந்த புதுப்பனி மேலே பலகை போல் இறுகியிருக்கிறது. அதற்கடியில் ஒரு விரல் கனத்துக்குப் பழைய பனி. கையுறையைக் கழற்றி அதைத் தொடுகிறாள். சர்க்கரை போல விரலிடுக்கில் உதிர்ந்து ஓடுகிறது. நாலு நாளாக மாற்றமே இல்லை. பனிச்சறுக்குக் கட்டைகள் உரசும் சத்தம் கேட்டு நிமிர்கிறாள். கணவனின் தம்பி லியோன்ஹார்ட், விடுதி விருந்தாளிகள் இருவரோடு நிற்கிறான்.

"என்ன அண்ணி, இன்னைக்கும் மேல போகக்கூடாதா? நாலு நாளா இதே பாட்டுதானா? வானத்தைப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு!"

"வானம் நல்லாத்தான் இருக்கு."

வாதாட அவளிடம் தெம்பில்லை. மூன்று பக்கமும் அறுத்து நிறுத்திய பனித்தூணின் தலையில் மண்வாரியைப் படுக்க வைக்கிறாள்.

"இறங்கி வா. நீயே தட்டிப் பாரு."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கி, மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டுகிறான். நான்காவது தட்டில் மேற்பனி மொத்தமாக வழுக்கி அவன் மடியில் விழுகிறது. சிரிப்பு நின்றுவிடுகிறது. மேலே நீண்டு கிடக்கும் வெள்ளைச் சரிவை அண்ணாந்து பார்க்கிறான்.

"மேல முழுக்க இப்படித்தானா?"

"முழுக்க."

விருந்தாளிகளைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையசைக்கிறான். பிறகு மண்வாரியை எடுத்துக் குழியை மூட ஆரம்பிக்கிறான். வால்புர்கா தன் பையின் மேல் உட்காருகிறாள், காலையிலிருந்து முதல் முறையாக.