ஏசிக்கு நேர் கீழே

ஏசிக் காற்று பட்டாலே போதும், அவனுக்கு மூக்கு ஒழுகி அடுக்குத் தும்மல் வரும். அலர்ஜியும் இல்லை, மருந்துக்கும் மசியவில்லை. மூக்குக்குள் நரம்பில் ஆபரேஷன் செய்துகொண்டு இன்றுதான் மறுபடி வேலைக்கு வந்திருந்தான். மனசு கேட்காமல் மனைவியும் பின்னாலேயே ஓடிவந்துவிட்டாள்.

ஷாப்பிங் மாலில், ஏசிக்கு நேர் கீழே நின்றிருந்தான்.

"என்னங்க, மூக்கு உறுத்துதா?"

அவள் இன்னும் கிட்டே போனாள்.

"தும்மலை அடக்கிட்டு நிக்கிறீங்களா? சொல்லுங்களேன்!"

அவன் இமைகூட அசையவில்லை.

"வேலை நேரத்துல பேச்சுக் கொடுக்காதீங்கக்கா" என்றார் செக்யூரிட்டி.

பக்கத்தில் நின்ற சிறுமி திடீரென்று கத்தினாள்: "அம்மா! இந்த வெள்ளிச் சிலை அந்த அத்தையப் பாத்துக் கண்ணடிச்சுது!"

மனைவி எட்டிப் பார்த்தாள். அவன் மூக்குக்குக் கீழே வெள்ளிச் சாயம் காலையில் பூசினது பூசினபடியே இருந்தது.

கூட்டத்தில் முதல் விசில் அவளுடையதுதான்!