மூச்சு முட்டாத மெஷின்

"இனிமே அதுக்கு மூச்சு முட்டவே முட்டாது மேடம். நான் கேரண்டி!" என்று மேஜையைத் தட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஆராய்ச்சிக்கூடத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேஜையில் விரிந்து கிடந்தது நான் போட்ட வரைபடம். சுழலும் சக்கரத்தால் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரை ஓட்டிப் பார்க்க ஒரு சோதனைக்கூடம். கம்ப்ரஸர் வழியாகப் போகும் காற்று ரொம்பக் குறைந்துவிட்டால், தள்ளிய காற்றே திரும்பி வந்து மோதும். மெஷின் மூச்சு முட்டி உதறும்.

முப்பது வருஷம் தொழிற்சாலையில் அந்த உதறல் வராமல் காவல் காத்தே என் தலை சொட்டையானது. ஒரே ஒரு தடவை வந்தது. அன்றைக்கு முதலில் கேட்டைத் தாண்டி ஓடியது நான்தான் என்று இன்னமும் அங்கே பேசிச் சிரிக்கிறார்களாம்.

ரிடையரான பிறகு நானாகப் பிடித்த முதல் வேலை இது. "இதையும் கோட்டை விட்டீங்கன்னா, பேசாம எங்க அண்ணன் பெயிண்ட் கடையில போய் உக்காருங்க" என்று மனைவி காலையில்தான் வாழ்த்தி அனுப்பியிருந்தாள். மச்சானிடம் கைகட்டி நிற்பதற்கு, அந்தக் கம்ப்ரஸருக்குள்ளேயே தலையை விட்டுவிடலாம்.

தலைவி பென்சிலை எடுத்தார். "அதிர்வு அளக்குற கருவி நிறையக் கேட்டிருந்தேனே?"

"எல்லாம் வச்சாச்சு மேடம்."

நடுங்கவே நடுங்காத மெஷினில் எதை அளக்கப் போகிறாரோ என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பாவம், படித்தவர் ஆசைப்படுகிறார், இருந்துவிட்டுப் போகட்டும்.

"சரி, காத்து வெளிய போற வால்வை மெதுவா மூடிக்கிட்டே வந்தா?"

"பாதி மூடறதுக்குள்ள பக்கத்து வால்வு தானாத் திறந்து காத்துக்கு வழி விட்டுடும்."

"அதையும் அடைச்சுட்டா?"

"கரண்டே கட்டாயிடும்!"

"அப்படிக் கட்டாகாம இருக்க ஒரு சுவிட்ச்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! அப்படி ஒரு சுவிட்ச் வைக்க நான் என்ன முட்டாளா?"

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். என் திறமையைப் பார்த்து அசந்துபோய்விட்டார் என்றே நினைத்தேன். மனைவிக்குப் போன் போட, கை சட்டைப்பைக்கே போய்விட்டது.

"சார், அதுக்கு எப்படி மூச்சு முட்டுதுன்னு பாக்கத்தான் இந்தக் கூடத்தையே கட்டுறோம்."