பாட்டுக்கு முன் ஒரு அழுகை

"மாமி, இன்னும் கொஞ்சம் பலமாய் அழுங்கோ! உது காணாது."

கமராவுக்குப் பின்னால் நின்று செபநாயகம் கத்தினான்.

"என்னடா காணாது? எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு" என்றாள் மார்கிரட்.

சவப்பெட்டிக்குள் படுத்திருந்த பெர்னடெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எடியே, செத்தவள் சிரிக்கிறேல்லை!" என்று செபநாயகம் அதட்டினான்.

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குண்டு விழாத கிழமை இல்லை, யாழ்ப்பாணத்துக் குருநகரில் அழாத வீடும் இல்லை. ஆனாலும் பொய்க்கு அழு என்றால் சிரிப்புத்தான் வருகிறது. என்ன செய்ய!

கலியாண வீடும் செத்த வீடும் வீடியோ எடுப்பது செபநாயகத்தின் தொழில். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். பெற்றவர்களின் அடக்கத்துக்கு வர வழியில்லாமல், இவன் எடுத்து அனுப்புவதைப் பார்த்துத்தான் அங்கே அழுது முடிப்பார்கள். இப்போது முதல் தடவையாக ஒரு பொப் பாட்டுக்குப் படம் பிடிக்கிறான். காதலன் மறந்துபோனதால் உயிரை விட்ட ஒருத்தியின் பாட்டு. கோயில் பாடகர் குழுப் பெடியன் ஒருவன் கித்தாரோடு பாடி, கேட்டவர்களையெல்லாம் கண் கசக்க வைத்திருந்தான்.

பெர்னடெட் பெட்டிக்குள் படுக்கச் சம்மதித்தது பாட்டுக்காக அல்ல, கிறகோரிக்காக. மார்கிரட்டின் ஒரே மகன் அவன். பெர்னடெட்டை அவனுக்குக் கலியாணம் பேசி முடித்த பிறகு பாரிசுக்குப் போனவன். கன மாதமாய் ஒரு செய்தியும் இல்லை. வெள்ளைக்காரி ஒருத்தியோடு திரிகிறான் என்று ஊருக்குள் ஒரு கதை. ரெலிபோனில் கேட்போம் என்றால் நேவி சுடுகிற கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போக வேண்டும். அதற்கு முதலில் உயிர் மிஞ்ச வேண்டும்.

"உதை அவனுக்கு அனுப்புவம், பிள்ளை. உன்ரை முகத்தை இந்தக் கோலத்திலை கண்டானெண்டால் கல்நெஞ்செண்டாலும் கரையும்" என்றாள் மார்கிரட்.

"கரையாட்டி, மாமி?"

"கரையாட்டி அவன் என்ரை வயித்திலை பிறக்கேல்லை."

"சரி சரி, கதை காணும்" என்றான் செபநாயகம். "முதல்லை அழுகை, பிறகுதான் பாட்டு வரும். பாக்கிற சனம் உண்மையான செத்தவீடெண்டு நம்பவேணும்."

இந்த முறை மார்கிரட் பெட்டியின் மேல் விழுந்தாள். "என்ரை மோனுக்கு நான் என்ன சொல்லுவன்! வந்து கேட்டால் என்ன சொல்லுவன்!" என்று மாரில் அடித்து அழுதாள். மகன் மேலிருந்த ஆற்றாமையெல்லாம் அதில் வந்து கொட்டியது. சிரித்துக்கொண்டு நின்ற பெண்களும் உண்மையாகவே அழத் தொடங்கினார்கள். பெர்னடெட் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கசெற்றைக் கொடுத்து, பாரிசுக்குத் தபாலில் போடச் சொல்லி அனுப்பினார்கள். கடிதம் வேண்டாம், பாட்டே எல்லாம் சொல்லும் என்றுவிட்டாள் மார்கிரட்.

மாரி தொடங்கியபோது பாரிசிலிருந்து பதில் வந்தது. கடிதம் இல்லை, ஒரு வீடியோக் கசெற். கைமாறிக் கைமாறி மார்கிரட்டிடம் வந்து சேர்ந்தது.

"பாத்தியே பிள்ளை! வீடியோவுக்கு வீடியோ!"

பெர்னடெட் இருந்ததில் நல்ல சீலையை உடுத்திக்கொண்டு ஓடி வந்தாள். மின்சாரம் ஏது? செபநாயகம் ஜெனறேற்றரும் ரீவியும் டெக்கும் கொண்டுவந்து பூட்டினான். அயலட்டை முழுவதும் மார்கிரட் வீட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது.

திரையில் ஒரு வெளிநாட்டுக் கோயில். மெழுகுதிரிகள், பூக்கள். பிறகு ஒரு சவப்பெட்டி. அதற்குள் கோட்டும் ரையுமாகக் கிறகோரி.

"அட, எங்களைப் பாத்துக் கொப்பியடிச்சிருக்கினம்!" என்று செபநாயகம் கைகொட்டினான்.

வீடே சிரித்தது. பெர்னடெட்டுக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது. அவன் மறக்கவில்லை. வெள்ளைக்காரியாம், வெள்ளைக்காரி! நாக்கு வளைத்த சனமெல்லாம் இப்போது வந்து பார்க்கட்டும்.

"பாரன் கள்ளனை! சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடக்கிறான்" என்று மார்கிரட் எழுந்து போய்த் திரையில் மகனின் கன்னத்தைத் தடவினாள். "பாட்டு எப்ப தொடங்கும், தம்பி?"

"இப்ப வரும் மாமி, பொறுங்கோ."

கிறகோரியோடு ஒரே அறையில் இருக்கும் யாகோப்பு கமராவுக்கு முன்னால் வந்து நின்றான். கண்கள் வீங்கியிருந்தன.

"அம்மா, நீங்கள் அனுப்பின பெர்னடெட்டின்ரை செத்தவீட்டு வீடியோ கிடைச்சது. நீங்கள் பெட்டியிலை விழுந்து அழுததுக்கு மேலை அவனாலை பாக்க ஏலேல்லை, நிப்பாட்டிப்போட்டு வெளியிலை போனவன். விடிய அவனை ஆத்திலையிருந்துதான் எடுத்தனாங்கள்."